மூன்று உதறல்

மார்ச் 4, செவ்வாய்

ஆலை நர்ஸம்மா இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார். "மூச்சு எப்ப இறுக்குது, எப்ப விடுது, அன்னைக்கு என்ன வேலை பாத்தீங்க, எல்லாம் தேதி போட்டு எழுதுங்கம்மா. ரெண்டு வரி போதும். ஒரு மாசம் கழிச்சுக் கொண்டாங்க." இரண்டு வரியாம். என்னிடம்! என் வாய் எப்படியோ, கையும் அப்படித்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள், எழுத்து கோணிக்கொண்டு போகும். படிக்கப்போகிறவர் பாடு.

காலையில் நன்றாக இருந்தேன். சாப்பாட்டுக்கு மேல் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி. சாயங்காலம் பஸ்ஸில் இருமல் பிடித்துக்கொண்டது. பக்கத்து சீட்டு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனார். போகட்டும், காலை நீட்டிக்கொண்டேன்.

வேலை: துணி துவைத்தது. வேறென்ன? எங்கள் ஆலையில் மாத்திரை செய்வதில்லை, மாத்திரைக்கு வேண்டிய தூளைச் செய்கிறார்கள். கிருமியைக் கொல்கிற பென்சிலின் வகைத் தூள். வெள்ளை வெளேரென்று இருக்கும், பீப்பாயில் அடைத்து எங்கெங்கோ போகும். அந்தத் தூள் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களின் உடுப்பு, பை பையாகக் கட்டி எங்கள் துணி அறைக்கு வரும். நானும் என்னோடு வேலை செய்கிற நெட்டையும் பையைப் பிரித்து, உதறி, மெஷினில் போடுகிறோம். இன்றைக்குப் பதினொரு பை.

உதறுவது என் பழக்கம். பின்வாசல் கதவை, வேலைக்கு வந்த நாளிலிருந்து, ஒரு செங்கல் வைத்துத் திறந்தே வைத்திருக்கிறேன், ராத்திரிகூடச் சாத்துவதில்லை. அந்த வெளிச்சத்தில் நின்று ஒவ்வொன்றையும் மூன்று உதறு. போன வருஷம் ஒரு புண்ணியவான் சட்டைப்பையில் பேனாவை விட்டுவிட்டார். நாற்பது உடுப்பும் நீலம். சூப்பர்வைசர் என்னைத்தான் கிழித்துத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து உதறாத துணி என் கையைத் தாண்டியதில்லை.

மார்ச் 6, வியாழன்

இறுக்கம். ஒன்பது பை. ஒரு சட்டையை உதறும்போது சின்ன சாமி படம் விழுந்தது. மெஷினுக்குள் போயிருந்தால் என்ன பாவம்! கண்ணில் ஒற்றி எடுத்து வைத்தேன். சாயங்காலம் வரை கண் அரித்தது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று மூச்சு பூ மாதிரி. காலையில் குளித்து, சாப்பிடாமல், சாமிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த பாட்டு எல்லாம் பாடினேன். ஒரு இருமல் இல்லை. போன ஞாயிறும் இப்படித்தான். வாரம் முழுக்க என்னைப் பிடிப்பது எதுவோ, அவன் சந்நிதியில் உட்கார்ந்தால் ஓடிப்போகிறது. நர்ஸம்மா இதையும் படிக்கட்டும். அவருக்கும் கொஞ்சம் பக்தி வரட்டும்.

மார்ச் 11, செவ்வாய்

இறுக்கம், மதியத்திலிருந்தே. பத்து பை.

நெட்டையைப் பற்றி எழுதவில்லையே. என்னோடு துணி அறையில் இருக்கிறவள். வந்து நாலு மாதம். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், அதனால் நெட்டை. முப்பத்தெட்டு வயசு, ஒரே மகள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தி வளர்த்திருப்பார்கள் போல. போதாததற்கு அந்த முகமூடி வேறு. இரண்டு பக்கமும் டப்பா வைத்த, மூஞ்சியை இறுக்கிப் பிடிக்கிற முகமூடி. எனக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு எப்படிப் பேசுவது? என்னுடையது ஆணியில் தொங்குகிறது. அவள் மட்டும் காலையில் மாட்டினால் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுவாள்.

"ஏண்டி, உள்ளேருந்து ஏதோ பானைக்குள்ள தவளை கத்துற மாதிரி கேக்குது. அதை இறக்கிட்டுப் பேசு" என்றேன். சிரித்தாள். கண் சிரித்தது, அதைத்தான் பார்க்க முடிகிறது.

வேலையெல்லாம் நான்தான் கற்றுக்கொடுத்தேன். உதறுவது உட்பட.

மார்ச் 12, புதன்

மெஷின் மோட்டார் எரிந்துவிட்டது. ஒரு துணியும் துவைக்கவில்லை. நாள் முழுக்க கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டு வாய்க்கு வேலை கொடுத்தேன். அவசரத்தில் காலையில் சாமி கும்பிடக்கூட இல்லை. மூச்சு நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

பூ மாதிரி.

தம்பி வீட்டில்தான் இருக்கிறேன், என் வீட்டுக்காரர் போனதிலிருந்து. தம்பி பெண்டாட்டிக்கு என் பக்தியைக் கண்டால் வாய் அரிக்கும். இன்றைக்குச் சாமி முன்னால் இருந்து எழுந்து வந்து, "பாத்தியா, ஒரு இருமல் உண்டா?" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "உங்க சாமி ஞாயித்துக்கிழமை மட்டும்தான் ட்யூட்டி பாக்குதா அண்ணி? மத்த ஆறு நாளும் லீவா?" என்கிறாள். தம்பி டீயை மூக்கில் விட்டுக்கொண்டான்.

அவளுக்கு வாய் நீளம். எனக்கு மட்டும் குறைச்சலா? "உன் வீட்டு ஆட்கள் மாதிரி சாமியையும் நினைச்சியா" என்று கொடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு பாட்டு சரியாக வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நெட்டையின் மணிக்கட்டில் தடிப்பு தடிப்பாக, சிவப்பாக. கையுறை முடிகிற இடத்தில். "பையை அவுத்தாதான் வருது அக்கா" என்றாள், அவளாகவே. அவள் தானாகப் பேசுவது அபூர்வம். நான் கேட்டேனா? "உனக்கு சோப்பு ஆகல, எண்ணெய் தடவு" என்று டாக்டர் மாதிரி சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டேன்.

எனக்கு இறுக்கம். பன்னிரண்டு பை.

மார்ச் 20, வியாழன்

பேசற மாதிரிதான் வருது. எழுதறேன்.

தூள் கட்டடத்துல காலையில பீப்பாய்க்குள்ள வைக்கிற தூள் பை ஒன்னு கிழிஞ்சு கொட்டிடுச்சாம். அந்த ஆளுங்க போட்டிருந்த உடுப்பு எல்லாம் வந்துச்சு. பையைத் திறந்தா மாவு மில்லுலேருந்து வந்த மாதிரி. நான்தான் சொன்னேன். "இதை இப்படியே மெஷின்ல போட்டா அடைச்சுக்கும். நல்லா உதறிட்டுப் போடு." நான்தான். வேற யாரும் சொல்லல.

அவ மக பரீட்சையில முதல் இடம் வந்திருக்காளாம். அதைச் சொல்ல வந்தா. அந்த முகமூடிக்குள்ள இருந்து கேக்கல. "இறக்கிட்டுச் சொல்லேண்டி, நல்ல சேதியை யாராவது மூடிக்கிட்டுச் சொல்லுவாங்களா"ன்னேன். இறக்கினா. கழுத்துல தொங்க விட்டா. சிரிச்சுக்கிட்டே ஒரு உதறு. ரெண்டு. மூணாவது உதறுறதுக்குள்ள கையை நிறுத்திட்டா.

"அக்கா, நாக்கு தடிக்குது."

அவ்வளவுதான் சொன்னா. உதடு வீங்குது, கண்ணு மூடுது, கழுத்தெல்லாம் சிவப்பு. சுவரைப் பிடிச்சுக்கிட்டே சரிஞ்சா. அவ்வளவு உசரமும் தரையில. மூச்சு இழுக்குது, உள்ள போகல, சீட்டி அடிக்குது.

நான் என்ன பண்ணினேன்? சாமி பேரைச் சொல்லி ஓலமிட்டேன். அவ தலையை மடியில வச்சுக்கிட்டு. கேன்டீன் ஆள் ஓடிப்போய் நர்ஸம்மாவைக் கூட்டி வந்தாரு. நர்ஸம்மா என்னை ஒரே தள்ளு. "நவுருங்கம்மா! சாமி அப்புறம்!" தொடையில பேன்ட்டோட சேர்த்து ஊசியைக் குத்தினாங்க. கொஞ்ச நேரத்துல ரெண்டாவது ஊசி. வண்டி வந்துச்சு. கொண்டு போயிட்டாங்க.

மடியில அவ தலை கனம் இன்னும் இருக்கு.

மார்ச் 21, வெள்ளி

பிழைத்துவிட்டாள். ஊசி ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கடவுளே, கடவுளே.

பதினொரு மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார். தம்பி வயசுதான் இருக்கும், கண்ணாடி, எப்போதும் கையில் தாள் செருகிய ஒரு அட்டை. கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயம்.

"அவங்க முகமூடி கழுத்துல கிடந்துச்சு. நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அவங்களேதான் இறக்கினாங்களா?"

"ஆமா."

"பையை அவங்களேதான் பிரிச்சாங்களா?"

"ஆமா."

எழுதினார். படித்துக் காட்டினார். விதிமுறை தெரிந்திருந்தும் தானாகவே முகமூடியை அகற்றினார், தானாகவே பையைப் பிரித்தார், என்று. "இப்படி இருந்தா அவளுக்கு என்ன ஆகும் தம்பி?" என்றேன். "அவங்க கவனக்குறைவுன்னு முடியும். திரும்ப எடுக்கிறது கஷ்டம்தான்" என்றார்.

கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 22, சனி

பொய் இல்லை. அந்தக் காகிதத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

மூச்சு நன்றாக இருக்கிறது. அதுதான் பிடிக்கவில்லை.

சாமி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு! வார்த்தை வரவில்லை. எழுந்து வந்து இந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். பை பிரித்த நாளெல்லாம் இறுக்கம். ஞாயிறு எல்லாம் பூ. சரி. புதன்கிழமை மெஷின் கெட்ட அன்று? சாமியும் கும்பிடவில்லை, நோன்பும் இல்லை. ஆனாலும் பூதான். அன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் நடக்கவில்லை. துணி உதறவில்லை.

என்னைப் பிடித்தது அந்தத் தூள். நான் அதற்கு விரதம் இருந்துகொண்டிருந்தேன். சாமி என்ன நினைத்திருப்பார்? பைத்தியக்காரி, உதறாதேடி, கதவை மூடுடி என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பார், எனக்குத்தான் பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை.

என்னைப் பிடித்ததை அவளுக்கும் கற்றுக்கொடுத்தேனே.

மார்ச் 24, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் அவள் புருஷன். வாங்க என்று சொல்லவில்லை, வழியும் மறிக்கவில்லை. அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முகம் இன்னும் உப்பல்.

ஆரஞ்சுப் பழத்தைப் பக்கத்தில் வைத்தேன். எதையெதையோ பேசினேன், மகள் முதல் இடம் வந்ததைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"கையெழுத்துப் போட்டீங்களாமே."

அதற்குப் பிறகு நான் எழுந்து வரும் வரை அவள் பேசவில்லை. இந்தத் தடவை முகமூடி இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே நர்ஸம்மா அறைக்குப் போனேன். இன்னும் மாதம் முடியவில்லையே என்றார். "முடிஞ்சிடுச்சும்மா. படிங்க" என்று நோட்டை நீட்டினேன்.

நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தார். பாதியில் உட்கார்ந்தார்.

"அம்மா, தினமும் உதறினீங்களா?"

"தினமும்."

"ஒவ்வொரு உடுப்பையுமா?"

"மூணு மூணு தடவை."

தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தப் பை எதுக்கு அப்படி வழவழன்னு இருக்குன்னு யாரும் சொல்லலையா? அது தண்ணியில கரையுற பை. அவுக்கவே கூடாது. கட்டினபடியே மெஷினுக்குள்ள போடணும். பை கரைஞ்சு, தூள் தண்ணியோட போயிடும். உதறினா காத்துல ஏறும். மாவு மாதிரி கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் ஆபத்துன்னு இல்லம்மா, கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். கொஞ்சம் கொஞ்சமா உடம்பு அதைப் பகையா எடுத்துக்கும். அப்புறம் ஒரு நாள் இப்படி."

நான் நாலு வருஷமாக அந்தப் பையின் முடிச்சை அவிழ்க்க நகத்தை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு அதிகாரியிடம் போனார். நோட்டை மேசையில் வைத்தேன். இருபதாம் தேதியை நானே சத்தமாகப் படித்தேன். "இறக்கச் சொன்னது நான். பிரிக்கச் சொன்னது நான். உதறச் சொன்னது நான். அவ இங்க வந்து நாலு மாசம், அவளுக்கு விதிமுறைன்னா அது என் வாய்தான். நான் போட்ட கையெழுத்துல பொய் இல்ல தம்பி, ஆனா பாதியை முழுங்கிட்டேன்."

"இதைக் கொடுத்தா உங்க வேலைக்கே ஆபத்தும்மா. யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுத்தான் ஞாயித்துக்கிழமை பூரா போச்சு."

அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினார். பிறகு, "விதிமுறைத் தாளை உங்க அறையிலயே ஒட்டியிருக்கே, நீங்க படிக்கலையா?" என்றார். எங்கே ஒட்டியிருக்கிறது? போய்ப் பார்த்தோம், மூன்று பேரும். நான் செங்கல்லை எடுத்துப் பின்வாசல் கதவைச் சாத்தினேன். கதவின் உள்பக்கத்தில் இருந்தது. பளபளவென்று, பெரிய எழுத்தில், படம் போட்டு. கட்டிய பை, மெஷின், அம்புக்குறி. நாலு வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாசாமாசம் வந்து இந்த அறைக்கு டிக் போட்டிருக்கேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பழைய காகிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து, புதிதாக எழுதினார். நான் சொன்னது எல்லாம், அவர் டிக் போட்டதும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நர்ஸம்மா என் நோட்டைப் படி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். "நான் ரெண்டு வரிதான் கேட்டேன்" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

ரத்தம் எடுத்தார்கள், கையில் குத்திக்கூடப் பார்த்தார்கள், பெரிய டாக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டு. எனக்கும் இருக்கிறது. அந்தத் தூள் எனக்கும் பகை.

இனிமேல் அந்தக் கட்டடம், துணி அறை, எதிலும் கால் வைக்கக் கூடாது. அதைவிடப் பெரிசு: காய்ச்சல், பல்வலி, எதுவானாலும் அந்த மருந்தை ஆயுசுக்கும் வாயில் போடக் கூடாது. ஊசியும் கூடாது. போகிற டாக்டர் எல்லாரிடமும் முதல் வார்த்தையாக இதைச் சொல்ல வேண்டும். "அதுக்குச் சொந்தக்கார மருந்துங்க நிறைய. எல்லாம் வேற வேற பேருல கடையில இருக்கும்" என்று ஒரு பட்டியல் கொடுத்தார் நர்ஸம்மா. எங்கள் குடும்பத்தைவிடப் பெரிய குடும்பமாக இருக்கிறது. பங்காளி வகையே ஒரு பக்கம். மனப்பாடம் செய்கிறேன். பாட்டு மாதிரி ராகம் போட்டால் நிற்கிறது. தம்பி பெண்டாட்டி எட்டிப் பார்த்து, "இது எந்த சாமி மேல?" என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. பட்டியலை வாங்கி ஒரு படி எழுதி, தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 2, புதன்

வேலையை எடுக்கவில்லை, இடத்தை மாற்றிவிட்டார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் அலுவலகக் கட்டடம். புது உடுப்புக்குப் பொத்தான் தைக்கிறேன்.

அதிகாரி எல்லாரையும் ஒரு அறையில் உட்கார வைத்தார். ஜன்னலை மூடி இருட்டாக்கி, ஒரு சுத்தமான சட்டையில் முகத்துக்குப் போடுகிற பவுடர் ஒரு சிட்டிகை தேய்த்தார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீங்க எப்படி உதறுவீங்களோ அப்படி உதறுங்க" என்றார். எழுந்து போய் மூன்று உதறு உதறினேன்.

டார்ச் வெளிச்சத்தில் புகை மாதிரி கிளம்பியது. நான் நினைத்துக்கொண்டிருந்தது போல வெளியே போகவில்லை. சுருண்டு, திரும்பி, நேரே என் முகத்துக்கு வந்தது. பக்கத்து நாற்காலி வரை போனது. விளக்கைப் போட்டதும் ஒன்றுமில்லை. அறை சுத்தமாக இருந்தது.

பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. நல்லவேளை.

ஏப்ரல் 9, புதன்

நெட்டை வேலைக்கு வந்துவிட்டாள். தப்பு அவளுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லேபிள் ஒட்டுகிற அறை, எங்கள் கட்டடத்திலேயே மாடியில். பஸ்ஸில் ஏறினாள். என் பக்கத்தில் இடம் இருந்தது. முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உண்மையைச் சொன்னது நல்லதுதான். அதற்காக அவள் எனக்குக் கடன்பட்டிருக்கிறாளா என்ன? முதலில் போட்ட கையெழுத்தும் என் கைதான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. நானும் பேச்சைக் குறைத்திருக்கிறேன். "அக்கா, காய்ச்சலா?" என்று தம்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தால் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ராங் நம்பர் என்று வைக்கப் போனேன்.

"தொண்டை வலி" என்றது. குரல் கரகரவென்று. "ரெண்டு நாளா. அவரு மருந்துக்கடையில கேட்டு ஒரு மாத்திரை வாங்கி வச்சிட்டு வேலைக்குப் போயிட்டாரு. நர்ஸம்மா கொடுத்த பட்டியல் என் பையில ஆலையிலேயே இருக்கு. பேரைப் படிக்கவா?"

நெட்டை.

"படி. மெதுவா."

இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். பெரிய எழுத்தில் இருந்தது ஏதோ கம்பெனிப் பேர், பட்டியலில் இல்லை. "அதுக்குக் கீழே பொடி எழுத்துல இருக்கும் பாரு, அதைப் படி" என்றேன். ஜன்னலோரம் போனாள் போல.

"அ... மாக்... சி..."

"நிறுத்து. அது பட்டியல்ல இருக்கு. வாயில போட்டியா?"

"இல்ல. கையில இருக்கு."

"கீழ வை. அட்டையோட வை. கையை சோப்புப் போட்டுக் கழுவு. மகளைத் தொட விடாதே."

தம்பி பெண்டாட்டி அதற்குள் தன் போனில் நர்ஸம்மாவைப் பிடித்துவிட்டாள். நான் கேட்கவே இல்லை, அவளாகவே. "தொடக் கூடாது, எட்டு மணிக்கு என்கிட்ட வரச் சொல்லுங்க, வேற வகை மருந்து தரேன்" என்று நர்ஸம்மா கத்துவது இந்தக் காதில் கேட்கிறது. அந்தக் காதில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம்.

"கழுவிட்டேன் அக்கா."

எவ்வளவு நாளாக எதையெதையோ சொல்ல வேண்டும் என்று வரிசை கட்டி வைத்திருந்தேன்.

"பஸ் வர வரைக்கும் லைன்லயே இரு" என்றேன்.

இருந்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. சீராக இருந்தது.